ஏழேகால் மணி

பதக்கம் தபாலில் வந்தது.
செங்கோட்டைத் தபால்காரர் கையெழுத்துக் கேட்டார், போட்டேன்.
கசங்கிய தினசரித்தாளுக்குள் தங்க முலாம்,
கூடவே ஒரு துண்டுக் கடிதம்:
முதலாவது வந்தவர் நீக்கப்பட்டதால்
நீங்கள் முதலாவது.

பத்து மாதத்துக்கு முன்
புளியரை எஸ் வளைவில்
மைதீன் பிச்சையின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஏறினேன்.
எனக்கு நாக்கு வெளியே தொங்கியது.
அவன் வாயை மூடிக்கொண்டு மிதித்தான்.
சாவடியில் மறித்து நிறுத்திய லாரிகளிலிருந்து
டிரைவர்கள் அடித்த விசிலெல்லாம் அவனுக்கு.
மனுஷனா இவன் என்று நினைத்தேன்.
நினைத்தது நிஜம்.
ஆனால் அது சாட்சியம் ஆகாது,
தோற்றவனுக்கு வாங்கிய மூச்சு.

கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவில் பந்தயம் முடிந்தது.
பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில்
ஆளுக்கு இரண்டு குப்பி.
பினீஷ் என்றொரு பையன், கழுத்தில் அட்டை,
'இவிடே ஒப்பு' என்று விரல் வைத்துக் காட்டினான்.
மலை இறங்கினால் அந்தப் பக்கம்
ஒப்பு என்றால் வெறும் கையெழுத்து.
இந்தப் பக்கம் ஒப்பினால்
ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது.
'நடைமுறையில் குறை ஏதுமில்லை' என்ற வரிக்குக் கீழே
மைதீன் ஒப்பிட்டது நாலு பத்துக்கு.
குறை நடந்தது அதற்குப் பிறகு.

மறந்துபோன காற்றுப் பம்பைத் தேடி
ஏழேகாலுக்குத் திரும்பிப் போனேன்.
கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில்
நீலப் பெட்டி மேசைமேலேயே இருந்தது.
ஐஸ் உருகி வாசல்படிவரை ஓடியிருந்தது,
என் செருப்பு நனைந்தது.
படிவத்தில் அந்தப் பெட்டி
நாலே முக்காலுக்கே புறப்பட்டுவிட்டது.

சுண்ணாம்பு தடவாத கலயத்தில்
பதநீர் கள்ளாகும்.
வைத்தவனை விட்டுவிட்டு
வழக்கு மட்டும் பனைமேலா?

இப்படி எழுதிவிட்டு எழுந்தேன்.
நன்றாக இருந்தது.
நன்றாக இருந்ததாலேயே உறுத்தியது.
என் குப்பியும் அதே பெட்டியில்தான் கிடந்தது,
அதே வெந்த காற்றில், அதே மூன்று மணி நேரம்.
எனக்கு ஒன்றும் வரவில்லை.
ஒரே சூட்டில் இரண்டு கலயம்,
ஒன்று மட்டும் புளிக்குமா?
புளிக்குமோ என்னவோ,
நான் பிளஸ் டூவில் கணக்குப் பதிவியல் படித்தவன்.
சொல்ல வேண்டிய ஆய்வகம்
இரண்டு பக்கம் அனுப்பியிருந்தது:
ஓர் எண், வாயில் நுழையாத ஒரு மருந்து, ரப்பர் முத்திரை.
பெட்டியின் வெப்பநிலை என்ற கட்டத்தில்
ஒரு சிறு கோடு.

மைதீன் இப்போது புனலூருக்குக் கோழி லோடு ஓட்டுகிறான்.
வடகரையில் வண்டியை மறித்துக் கேட்டேன்.
எடுத்தியாலே?
நீ என்ன நெனைக்க?
எனக்குத் தெரியாது.
சிரித்தான்.
'எடுத்தான்னு ஊருல பாதி,
எடுக்கலன்னு எங்க வீட்டுல எல்லாரும்.
தெரியாதுன்னு சொன்னவன் நீ ஒருத்தன்தான்.'
கூண்டுக்குள் ஒரு கோழி சாய்ந்திருந்தது,
கையை விட்டு நிமிர்த்தி வைத்தான்.
நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை
என்பது வண்டி போனபிறகுதான் உறைத்தது.

கோமதி ரயில்வே விண்ணப்பத்தைக் காட்டினாள்.
முதலிடம் என்ற கட்டத்தில் பென்சிலால் டிக் போட்டு வைத்திருந்தாள்.
இதை அனுப்பினா நமக்கு என்ன மிஞ்சும், என்றாள்.
சோற்றைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை.
அவள் கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பனையை அடித்தேன், கள்ளை அடித்தேன்.
அவன் நல்லவன் என்று எழுதவில்லை,
வாயை மூடி மிதித்ததை எழுதவில்லை.
எழுதியது இவ்வளவுதான்:

ஏழேகாலுக்குப் பெட்டி மேசைமேல் இருந்தது.
கீழே தண்ணீர்.
அதே பெட்டியில் இருந்த என் குப்பியில் குறையில்லை,
இதையும் குறித்துக்கொள்ளவும்.
இப்படிக்கு, இரண்டாவது வந்த
சொரிமுத்து.

தேதி போட்டேன்.
யோசித்து, மணியும் போட்டேன்.